வெள்ளைக் கோட்டுக்கு முன்னால்

சுரங்கத்து ஆஸ்பத்திரி நடையில் கம்பவுண்டர் குஞ்சிதபாதத்தின் சட்டைக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள் வீராயி. யார் பார்த்தால் என்ன, மானம் போனால்தான் என்ன! உள்ளே வார்டில் அவள் புருஷன் சாமிக்கண்ணு நேற்றுக் காலையிலிருந்து கண் திறக்காமல் கிடந்தான்.

"இப்பவாவது டாக்டர்கிட்ட சொல்லிப்புடுங்க ஐயா. வாய மூடிக்கினே இருந்தா எப்பிடி?"

"பிரஷர் பெட்டிய கேக்காம வூட்டுக்கு எடுத்தாந்தேன்னு தெரிஞ்சா என் சீட்டக் கிழிச்சிடுவாங்க, வீராயி."

சுரங்கத்தில் காண்டிராக்டில் மண் வெட்டும் சாமிக்கண்ணு ரெண்டாள் வேலையைத் தனியாளாகப் பார்ப்பான். ஆனால் டாக்டரின் வெள்ளைக் கோட்டைக் கண்டால் போதும், மனுஷனுக்கு நெஞ்சு உடுக்கையடிக்கும். பர்மனெண்ட் ஆவதற்கு வைத்த மெடிக்கல் டெஸ்டில் பிரஷர் நூற்றெண்பது. டாக்டர் மாத்திரை எழுதி, அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே, முத்தாண்டிக்குப்பத்தில் அடுத்த தெருக்காரரான கம்பவுண்டர் இவர்கள் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தார். நூற்றிருபதுதான் இருந்தது. மறுமாதமும் ஆஸ்பத்திரியில் நூற்றெண்பது. மாத்திரை இரண்டு மடங்கானது. வீட்டிலோ நூறுக்கும் கீழே போய்விட்டது.

"இவனுக்கு வந்திருக்கிறது டாக்டர் பயம். மாத்திரைய நிறுத்தணும்" என்று கம்பவுண்டர் அவளிடம் சொன்னார். சொல்ல வேண்டிய டாக்டரிடம் சொல்லவில்லை.

வீராயியாவது நிறுத்தினாளா? இல்லையே, பாவி! எழுந்தால் தலை சுத்துது என்றவனிடம், "இன்னும் ஒரே ஒரு மெடிக்கல். பர்மனெண்டு ஆயிட்டா குவார்ட்டர்ஸு, புள்ளைக்குப் பள்ளிக்கூடம். பல்லக் கடிச்சிக்கினு முழுங்குய்யா" என்று அவளே தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நேற்றுப் பாயைவிட்டு எழுந்தவன் அப்படியே சாய்ந்தான். அம்மிக்கல்லில் மண்டை மோதியது.

குஞ்சிதபாதம் சட்டைக் கையை விடுவித்துக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று வார்டுக்குள் போய் டாக்டர் முன் கைகட்டி நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

டாக்டர் திட்டவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாய்யா" என்றார். கட்டிலருகே போய்க் குனிந்து, சாமிக்கண்ணுவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் ஏறி, மெதுவாக இறங்கியது.

"நூத்திப்பத்து. பிரஷர் சரியா இருக்கு."

"அப்பாடா! அண்ணன் பொழச்சிக்கும் அண்ணி" என்றான் சாமிக்கண்ணுவின் தம்பி தங்கராசு.

பின்னாலேயே வந்து நின்ற வீராயி கட்டிலைப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டு அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து நிற்கிறது. அந்தக் கோட்டுக்கு முன்னால் அவனுக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"ஐயோ, பயப்படலையே! என் ராசா பயப்படலையே!"

அவள் மாரில் அடித்துக்கொண்டாள். தங்கராசுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டருக்கு விளங்கியது. அவர் ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போது மூச்சு நின்றது. டாக்டர் நாடி பார்த்துவிட்டு அவன் கையைக் கீழே வைத்தார்.

அந்தக் கையை வீராயி எடுத்துக்கொண்டாள். டாக்டர் அறை வாசலில் ஒவ்வொரு தடவையும் அவன் உள்ளங்கை வேர்த்துச் சொதசொதவென்று ஆகிவிடும். அவள்தான் முந்தானையால் துடைத்து உள்ளே அனுப்புவாள். இப்போதும் துடைத்தாள். கை உலர்ந்திருந்தது.