காதில் வைத்த விரல்

எங்கள் வீட்டில் விளக்கு சுவிட்சுகள் எல்லாம் அறைக்கு வெளியே இருக்கின்றன. குளியலறைக்குள் ஒருவர் இருக்கும்போது வெளியே நிற்பவர் நினைத்தால் விளக்கை அணைத்துவிடலாம். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே என் கணவர் இந்த விளையாட்டை என்னிடம் காட்டினார். ஈரத்தலையோடு வெளியே வந்து நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாமனார் மட்டும் தன் வேலை மேஜையில் நிம்மதியாகப் பல்செட் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

மாமனாருக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். இன்னும் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ செய்கிறார். அவருக்கு இருபத்தொன்பது வயதில், அதுவரை ஒரு கோழிக்கூடுகூடக் கட்டியிராத ஒரு இளைஞர் இந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தார். அந்த இளைஞர் பிற்பாடு பெரிய ஆளாகி, நூலகங்களும் சபை மண்டபங்களும் கட்டி, பாடப்புத்தகத்தில் படமாகி, இறந்தும் போய்விட்டார். கட்டடக்கலை மாணவர்கள் வந்து வாசலில் நின்று எங்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் துணி உலர்த்திக்கொண்டிருப்பேன். "கொஞ்சம் அந்தத் துணியை எடுக்க முடியுமா?" என்று கேட்பார்கள். முடியாது என்பேன்.

இருபத்தாறு வருஷம் இந்த வீட்டைக் கரித்துக்கொட்டியவள் நான். குளியலறையையும் மாடியில் இருக்கும் இரண்டு படுக்கையறைகளையும் விட்டால் உள்ளே கதவே கிடையாது. கூடத்துக்கும் சமையலறைக்கும் மாமனாரின் பட்டறைக்கும் நடுவே சுவர் இல்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு அலமாரி மட்டும் ஓடுகிறது. அடுப்படியில் நின்றால் வாசல் தெரியும், பட்டறை தெரியும், மாடிப்படி தெரியும். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார முடியாது. மூன்று பக்கமும் தெரிந்துவிடும். எனக்கு வேலை குடிநீர் அலுவலகத்தில், புகார் தொலைபேசியில். நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் காதில் வாங்கிவிட்டு வருகிறவளுக்கு ஒரு மனித முகத்தையும் பார்க்காமல் பத்து நிமிஷம் இருக்கத் தோன்றுமா, தோன்றாதா? அப்படி ஓர் இடம் இந்த வீட்டின் கீழ்த்தளத்தில் வைக்கப்படவில்லை.

ஏன் வைக்கப்படவில்லை என்பதை மாமியார் இருந்தபோது சொல்லியிருக்கிறார். அவருக்கு நன்றாகக் காது கேட்கும். வாயும் நன்றாகப் பேசும். அந்த இளைஞர் முதலில் எல்லோருக்கும் போடுவதுபோல நாலு சுவர், நாலு அறை என்று ஒரு வரைபடம் போட்டு, நகராட்சியில் அனுமதியும் வாங்கிவிட்டார். அதன்பிறகு அவருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. மாமனாரும் மாமியாரும் அப்போது குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்து, பல் அச்செடுக்கும் மெழுகை உருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு மூன்று நாள் தங்கினார். இரண்டாம் நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். மாமியார் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோனார். அடுத்த அறையில் அந்த இளைஞரே அடுப்பில் வைத்த பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கரியானதும் தெரியவில்லை. புகை மூக்கில் ஏறியதும்தான் எழுந்தார். எழுந்தவர் கரியான பாத்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வரைபடத்தில் இருந்த சுவரைக் கோடு போட்டு அடித்தார். மரத்தரை, அதன் கீழே வெற்றிடம், காலால் தட்டினால் வீடு முழுக்க அதிர வேண்டும். சுவிட்ச் வெளியே, விளக்கை அணைத்துப் போட்டால் உள்ளே இருப்பவர் திரும்ப வேண்டும். எங்கே நின்றாலும் எல்லோரும் எல்லோரையும் பார்க்க வேண்டும். எல்லாம் அந்த மூன்று நாளில் முடிவானது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயர் மெழுகுக்காது. மாமனாரின் கைப்பேச்சில் அந்தப் பெயருக்கு வாய் தேவையில்லை. ஆள்காட்டி விரலைக் காதில் வைத்து, மெழுகை அழுத்துவதுபோல ஒரு திருகு. அவ்வளவுதான். என் கணவர் குழந்தையாக இருந்தபோது அப்பா, அம்மாவுக்கு அடுத்துக் கற்றுக்கொண்ட சைகை அதுவாம்.

போன வருஷம் எங்கள் தெருவை அகலப்படுத்தப் போவதாகச் சொன்னார்கள். எங்கள் வரிசை முழுவதும் இடிபடும். பழைய கட்டடங்களைக் காக்கும் பட்டியலில் சேர்ந்தால் மட்டும் வீடு தப்பும். சேர்வதற்கு என்ன கஷ்டம், இவ்வளவு பெரிய மனிதர் கட்டியது என்று நாங்கள் இருந்தோம். பட்டியல் போடும் துறையிலிருந்து ஒரு பேராசிரியரும் ஒரு இன்ஜினியரும் பார்க்க வந்தார்கள். வியாழன் வருவதாகச் சொன்னவர்கள் புதன்கிழமையே வந்துவிட்டார்கள். நான் அலுவலகத்தில்; என் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் மாமனார் மட்டும்.

இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. என் கணவர் வாசிக்க ஆரம்பித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. வீட்டைப் பட்டியலில் சேர்க்கலாமாம். ஆனால் முதலில் கட்டியபடி திருப்ப வேண்டுமாம். நகராட்சியில் கிடைத்த வரைபடத்தில் பட்டறைக்கும் கூடத்துக்கும் நடுவே செங்கல் சுவர் இருக்கிறது. குடியிருப்பவர்கள் பிற்காலத்தில் அதை இடித்திருக்கிறார்கள். அந்தச் சுவரை மறுபடி எழுப்ப வேண்டும். அதற்குக் கீழே இப்படி இருந்தது: 'சுவரை அகற்றியது யார் என்று உரிமையாளரிடம் எழுதிக் கேட்கப்பட்டது. அவர் விரலைக் காதில் வைத்து, தமக்குக் கேட்கவில்லை என்று சைகை காட்டினார். முதுமையினால் கேள்வியைப் புரிந்துகொள்ள இயலவில்லை.'

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வந்ததை இங்கே எழுத முடியாது.

மாமனார் முன்னால் போய் நின்று கேட்டேன். அவர் கையாலேயே உற்சாகமாகச் சொன்னார்: "நல்ல மனுஷங்க. சுவரை யார் எடுத்தாங்கன்னு எழுதிக் கேட்டாங்க. மெழுகுக்காதுன்னு சொன்னேன். மூணு தடவை கேட்டாங்க, மூணு தடவையும் சொன்னேன். கும்பிட்டுட்டுப் போனாங்க."

சுவர் எழும்பினால் இந்த மனிதர் என்ன ஆவார்? மாமியார் போனபிறகு பகலெல்லாம் அந்த மேஜைதான் அவருக்கு. வாசலுக்கு யார் வந்தாலும், நான் அடுப்படியில் கையைச் சுட்டுக்கொண்டாலும், விடுமுறைக்கு வரும் என் மகள் மாடிப்படியில் இறங்கினாலும் நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறவர். அவர் நாற்காலியிலிருந்து எழும்போது தடுமாறினால் நாங்களும் இங்கிருந்தே பார்த்து ஓடுவோம். நடுவே செங்கல்லை அடுக்கினால் அது பட்டறை இல்லை, சிறை. அடுக்கவில்லை என்றால் வீடே இருக்காது.

"அவங்க துறை. நாம என்ன செய்ய முடியும்?" என்றார் என் கணவர்.

"இருபது வருஷமா புகார் வாங்குறவளுக்கு ஒரு புகார் குடுக்கத் தெரியாதா?" என்றேன்.

தெரிந்தது. எந்த அதிகாரி எத்தனை மணிக்கு நாற்காலியில் இருப்பார், எந்த வார்த்தை சொன்னால் தொலைபேசியை மேலிடத்துக்கு மாற்றுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆறாம் நாள் பேராசிரியரும் இன்ஜினியரும் மறுபடி வந்தார்கள். இந்த முறை மூவரும் வீட்டில் இருந்தோம்.

பேராசிரியர் என் வயதுப் பெண்மணி. கோபக்காரி என்று என்னைப் பற்றி யாரோ சொல்லியிருப்பார்கள்போல. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மெழுகுக் கதையைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"இந்த வீட்டைக் கட்டினவரைப் பத்தி நான் ரெண்டு புத்தகம் எழுதியிருக்கேன். இந்தத் திறந்த அறைகளை அவர் இதுக்குப் பத்து வருஷம் கழிச்சுதான் கண்டுபிடிச்சார்னு எழுதியிருக்கேன்" என்றார். "நீங்க சொல்றதை நம்ப எனக்கு ஆசைதான். ஆனா குடும்பத்தோட வாய்வார்த்தையை வெச்சு நான் கையெழுத்துப் போட முடியாதும்மா."

"வாய்வார்த்தையே இல்லை, கைவார்த்தை" என்றார் என் கணவர். அவர் ஜோக் அடிக்கும் நேரம் எப்போதுமே இப்படித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் தோன்றியது. "கொஞ்சம் எழுந்திரிங்க" என்று பேராசிரியரைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டினேன். "இந்தத் தரையை நான் இருபத்தாறு வருஷமா துடைக்கிறேன். இந்தப் பலகை கூடத்துல ஆரம்பிச்சு பட்டறை அந்தக் கோடி வரைக்கும் ஒரே நீளமா போகுது. எங்கேயாவது வெட்டு இருக்கா பாருங்க. சுவர் இருந்திருந்தா பலகை அதுக்கு இந்தப் பக்கம் முடிஞ்சு அந்தப் பக்கம் ஆரம்பிக்கணும் இல்லையா?"

இன்ஜினியர் மண்டியிட்டு விரலால் தடவிப் பார்த்தார். "பின்னாடி பலகையை மாத்தியிருக்கலாமே, மேடம்" என்றார்.

"செங்கல் சுவருக்கு அஸ்திவாரம் வேணுமே. அதையும் தோண்டி எடுத்துட்டோமா? கீழே போய்ப் பாருங்க."

சமையலறை மூலையில் தரைக்குக் கீழே இறங்க ஒரு பலகை மூடி உண்டு. ஒரு ஆள் தவழ்ந்து போகலாம். இன்ஜினியர் தன் வெள்ளைச் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பேராசிரியர் டார்ச்சை அவரிடம் நீட்டினார். அவர் இறங்கினார்.

நாங்கள் மேலே நின்றோம். கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மாமனார் மேஜையிலிருந்து எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தார். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக நடந்தார். அடுப்புக்கு முன்னால் நின்று தரையைக் காட்டினார். பிறகு நாலு எட்டு வைத்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்று காட்டினார்.

"என்ன செய்றாரு?" என்றார் பேராசிரியர்.

"உங்க இன்ஜினியர் எங்கே இருக்காருன்னு சொல்றாரு" என்றேன்.

பேராசிரியருக்கு நம்பிக்கை வரவில்லை. குனிந்து, மாமனார் காட்டிய பலகையில் விரல் முட்டியால் தட்டினார். நேர் கீழேயிருந்து பதிலுக்கு இரண்டு தட்டு வந்தது. மாமனார் நகர்ந்தார், கீழே இருந்தவரும் நகர்ந்திருந்தார். மறுபடி தட்டல், மறுபடி பதில். மூன்றாம் முறை பேராசிரியர் தன் செருப்பையும் கழற்றிவிட்டு, மாமனார் பக்கத்தில் பாதத்தை அழுத்தி நின்றுகொண்டார். அவர் முகம் மாறியது.

"வருது" என்றார் சின்னக் குரலில். "எனக்கும் தெரியுது."

இன்ஜினியர் ஒட்டடையும் மண்ணுமாக மேலே வந்தார். "அஸ்திவாரம் இல்லை. தோண்டின அடையாளமும் இல்லை. உத்தரமெல்லாம் இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு முழுசா ஓடுது. அங்கே சுவர் இருந்ததே கிடையாது, மேடம். வரைபடத்துல மட்டும்தான்" என்றார்.

பேராசிரியர் மாமனாருக்கு நேராகப் போய் நின்று, "மன்னிச்சுக்குங்க ஐயா" என்று அவர் வாயைப் பார்க்கும்படி நிதானமாகச் சொன்னார். "நீங்க மூணு தடவை சொல்லியிருக்கீங்க. எங்களுக்குத்தான் கேட்கலை." மாமனார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பல்செட் காய்ந்துவிடும் என்று மேஜைக்குப் போய்விட்டார். பேராசிரியர் அறிக்கையை எடுத்துச் சுவர் பற்றிய பத்தியைக் குறுக்கே அடித்தார். வீடு இப்போது உள்ளபடியே பட்டியலில் சேரும், தன் புத்தகங்களில்தான் திருத்தம் வரும் என்றார்.

டீ போடுகிறேன் என்று நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தண்ணீரை வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஒரு தடவைகூடப் பார்த்திராத அந்த மெழுகுக்காது, யாரோ ஒரு பல்செட் செய்பவருக்காக மூன்று நாள் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை நான் இருபத்தாறு வருஷம் திட்டியிருக்கிறேன். ஊர் திட்டியதையெல்லாம் கேட்டு வந்து ஊரையே திட்டுவதுபோல அவரையும் திட்டியிருக்கிறேன். புகார் தொலைபேசியில் வேலை பார்ப்பவர்களுக்குச் சத்தம் வராமல் அழத் தெரியும். அப்படித்தான் அழுதேன், தோள் மட்டும் குலுங்கியது. என் முதுகுக்குப் பின்னால் காது கேட்கும் மூன்று பேர் உத்தரத்தையும் அஸ்திவாரத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

என் காலடியில் தரை அதிர்ந்தது. இரண்டு முறை. திரும்பினேன்.

மாமனார் மேஜைக்குப் பின்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பல்செட், மறு கையால் கேட்டார்: "ஏம்மா அழறே? என் மகன் ஏதாவது சொன்னானா?"

"இல்லை மாமா" என்றேன் கையால். "நல்ல வீடு இது."

"இப்பதான் தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, நான் கண்ணைத் துடைத்துச் சிரிக்கிறவரைக்கும் உட்காராமல் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தச் செங்கல் சுவர் எங்கள் இருவருக்கும் நடுவே, அந்த இடத்தில்தான் வருவதாக இருந்தது.