பழுப்புப் புகை

செம்புத் துண்டு நைட்ரிக் அமிலத்தில் விழுந்ததும் புகை எழுந்தது. கண்ணாடிக் கதவு போட்ட பெட்டிக்குள் வைத்துத்தான் இதைச் செய்வேன். மேலே இருக்கும் விசிறி புகையை வெளியே இழுத்துக்கொள்ளும். இருபத்தொரு வருடமாகப் பதினொன்றாம் வகுப்புக்கு இந்தச் சோதனையைச் செய்து காட்டி வருகிறேன். திரவம் பச்சையாகும், புகை செம்பழுப்பாகத் திரளும், யாராவது ஒருத்தி "ஐயோ" என்பாள். எனக்கு அலுத்துப்போன காட்சி. இந்தத் தடவை முன்வரிசை வாயாடி ஒருத்தி, "டீச்சர், இதுவும் எடிட்டிங்கா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த இடுக்கியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

நேற்றுக் கடைசிப் பீரியடில் ஒன்பதாம் வகுப்புக்கு ஊடகப் பாடம் எடுத்தேன். அது என் பாடம் இல்லை. வாரத்தில் எனக்கு மூன்று பீரியட் காலியாக இருந்தது, தலைமையாசிரியர் அதை என் தலையில் கட்டினார். இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பயிற்சி. போனில் வரும் எதையும் நம்பும் முன் கேட்க வேண்டியவை என்று ஐந்து கேள்விகள் கொடுத்தார்கள். யார் எடுத்தது, எப்போது, எங்கே, அந்தத் துறை தெரிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள், படத்தில் ஏதாவது திருத்தம் தெரிகிறதா. பிள்ளைகளுக்கு இது இன்றைக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் போல அவசியம் என்று நான் மனதார நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

நேற்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வீடியோ வந்தது. பித்தளைப் பெயர்ப்பலகை செய்யும் பட்டறை. தரையில் ஏதோ கொட்டிக் கிடக்கிறது. அதிலிருந்து செம்பழுப்பாகப் புகை கிளம்புகிறது. படம் ஆடுகிறது. "எல்லாரும் வெளிய வாங்கடி" என்று ஒரு பெண் கத்துகிறாள். கீழே 'விஷப் புகை, நாலு பெண்கள் மயக்கம்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். எடுத்தவர் பெயர் இல்லை, தேதி இல்லை, இடம் இல்லை. பாடத்துக்குச் சுடச்சுட உதாரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதைத் திரையில் போட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. கடைசியில், "புகை இந்த நிறத்திலயா வரும்? பாத்தாலே தெரியுது, கலர் ஏத்தியிருக்காங்க" என்றேன். நான் சொன்னேன். செம்பையும் அமிலத்தையும் வைத்து இருபத்தொரு வருடம் சோறு தின்ற நான்.

பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதான். பித்தளையில் எழுத்து அரிக்கிற பட்டறையில் நைட்ரிக் அமிலம் இல்லாமல் பன்னீரா இருக்கும்? துறை தெரிந்தவரைக் கேள் என்கிற நான்காவது கேள்விக்கு, 'யாரும் எதுவும் சொல்லவில்லை' என்று எழுதிப் பெருக்கல் போட்டிருந்தேன். கேட்க வேண்டிய ஆள் நானே என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஊடகப் பாடத்துக்குப் போகும்போது வேதியியலை ஆய்வகத்திலேயே கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

அதோடு விட்டேனா? அந்தப் பெருக்கல் குறிப் பக்கத்தைப் படம் எடுத்துப் பெற்றோர் குழுவிலும் போட்டேன். நுணலும் தன் வாயால் கெடும். நூற்றுக்கு மேல் கட்டைவிரல்கள். 'இப்படி ஒரு டீச்சர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று ஒருவர். அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் தூங்கினேன்.

இதையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறு. இந்தப் புகை குணம் கெட்டது. சுவாசித்தவுடன் கொஞ்சம் இருமல், கண் எரிச்சல், அப்புறம் சரியாகிவிட்டது போல இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், நுரையீரலில் நீர் கோக்கும். இதையும் நான் வருடா வருடம் சொல்கிறேன், கதவை ஏன் மூடி வைக்கிறோம் என்பதற்காக. வீடியோ வந்து இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நேற்றுப் பாடத்தின் நடுவில் இரண்டாவது பெஞ்சில் ஒரு கை மேலே போனது ஞாபகம் வந்தது. ஆய்வக உதவியாளரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு மாடிப்படி ஏறினேன். ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பெண்ணை வெளியே கூப்பிட்டேன்.

"நேத்து எதுக்குக் கை தூக்கினே?"

"அது எங்கம்மா எடுத்த வீடியோ டீச்சர்."

"ஏம்மா சொல்லல?"

"கேள்வியெல்லாம் கடைசிலன்னு சொன்னீங்க. அப்புறம் பெல் அடிச்சிருச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. அம்மா வீட்டில் இருக்கிறாள், ராத்திரி முழுக்க இருமினாள், மத்தியான ஷிப்டுக்குப் போகப் போகிறாள் என்றாள்.

அங்கேயே நின்று பெற்றோர் குழுவில் தட்டினேன். 'நேற்று நான் பொய் என்று சொன்ன வீடியோ உண்மை. தவறு என்னுடையது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவும்.' நான்கு பேர் பார்த்தார்கள். ஒருவர் கும்பிடும் கையைப் போட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை.

வாசலில் தலைமையாசிரியர் மறித்தார். "வேலில போற ஓணான எடுத்து மடியில கட்டிக்காதீங்க டீச்சர். ஸ்கூல் பேரு கெடும். திருத்தம் போட்டாச்சுல்ல?"

"ஓணான் நேத்தே மடியில ஏறிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் பெண்ணோடு ஆட்டோவில் ஏறினேன்.

வீடு மாடியில் ஒற்றை அறை. அவளுடைய அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

"நீங்கதானா அந்த டீச்சர்? நீங்க பெருக்கல் போட்ட படத்தக் காட்டித்தான் ஓனர் எங்க வாய அடைச்சாரு. படிச்சவங்களே பொய்னு சொல்லிட்டாங்க, உனக்கு என்னடி தெரியும்னாரு." இருமி முடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "கடைசில எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. நாமதான் ஏதோ தப்பாப் பாத்துட்டமோன்னு."

எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. "நீங்க பாத்தது நிஜம். தப்பாப் பாத்தது நான். இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாங்க. மத்தவங்க எங்க?"

மற்ற மூன்று பேரில் இரண்டு பேர் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார்கள். ஆட்டோவில் அவள் நம்பர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒருத்தி எடுத்தாள், கிளம்பி வருகிறேன் என்றாள். வீட்டில் இருந்தவளை அவள் தம்பி கூட்டி வருவதாகச் சொன்னான். இன்னொருத்தியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

மருத்துவர் சின்ன வயதுக்காரர். நான் வாயுவின் பெயரையும் எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"அந்தப் பட்டறை வீடியோவா? அது பொய்னு யாரோ ஒரு டீச்சர் நிரூபிச்சிட்டாங்களே மேடம். எங்க குரூப்புக்கே வந்துச்சு."

"அந்த டீச்சர் நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவளைப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு அவளைத் திரும்பி உட்காரச் சொன்னார். அவள் மூச்சை இழுத்தாள். குழாயின் முனை முதுகின் மேல்பக்கத்தில் இரண்டு இடத்தில் நின்றது, சட்டென்று நகர்ந்தது. பெண் அம்மாவின் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு மருத்துவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் போன் இன்னும் அந்தக் கடைசி நம்பருக்கு அடித்துக்கொண்டிருந்தது. குழாய் கீழே இறங்கி, இடது பக்கம் ஓரிடத்தில் நின்றது. அவர் எடுத்தார். மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்.