நிறுத்தாமல் அடித்த தகரம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கைப்பேசியில் கிடக்கும் ஓர் ஒலிப்பதிவிலிருந்து பிறந்தது. அந்தப் பதிவுக்குள் ஒரு பெண்ணின் சாவு இருக்கிறது. அது தெரியாமல் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி ரசித்தேன். பக்கத்து சீட்டுக்காரனுக்கும் ஒரு காதைக் கொடுத்தேன். அவனும் ரசித்தான்.

இப்போது அந்தப் பதிவு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இறந்துபோனவளின் கணவர் அதைக் கேட்கவேண்டும் என்கிறார். மகள் கொடுக்காதீர்கள் என்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டுக்கு வருகிறார். அதற்குள் இதைக் கதையாக எழுதி முடித்துவிட்டால் என்ன செய்வதென்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். கதை எழுதுகிறவனின் மூடநம்பிக்கைகளில் இது ஒன்று.

நான் ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். பகல் முழுக்க இரும்பில் கீறல் தேடுவேன், வேலை விட்டு வந்து கதை எழுதுவேன். இந்தக் கதையில் எனக்கு ஒரு கீறலும் தெரியவில்லை. அது என் தொழிலுக்கே அவமானம்.

2

கதையின் தொடக்கங்கள் மூன்று இருந்தன. எல்லாம் உண்மை தெரிவதற்கு முன் எழுதியவை. வெட்கத்தோடு காட்டுகிறேன்.

"தளியின் மலைக்காற்றில் அரேபியப் பாலைவனத்தின் நரம்புகள் அதிர்ந்தபோது—" [தளி மலைக்காற்றில் மூக்குதான் ஒழுகும். அடித்துவிட்டேன்.]

"இசைக்கு எல்லை உண்டா? தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவே ஒரு சோதனைச்சாவடி உண்டு. ஆனால் இசைக்கு—" [இது கல்லூரி ஆண்டுமலர்.]

"ரோஜாத் தோட்டத்தில் ஒரு மேடை." [இது பரவாயில்லை. உண்மையும்கூட.]

உண்மை இதுதான். ஓசூரை அடுத்த தளிப் பக்கம் நாராயணப்பன் என்பவர் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறார். அவர் தோட்டத்து மைதானத்தில் மூன்று நாள் ஊத் இசை விழா நடத்தினார்கள். ஊத் என்பது அரபு நாட்டு நரம்பு வாத்தியம். பாதியாக அறுத்த பூசணிக்குக் குட்டைக் கழுத்து வைத்துத் தலையைப் பின்னால் மடக்கியது போல இருக்கும். அதை வாசிக்கத் துனிசியாவிலிருந்து ஹனான் என்ற பெண் வந்திருந்தார். தினமும் மாலையில் இந்த ஊர்க் கலைஞர் ஒருவரோடு சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. வீணையும் கடமும் பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கின. ஹனானோ தோட்டத்துக்கு அப்பால் ராகிக் கொல்லையில் தகர டின்னைத் தட்டிக் கிளி விரட்டிக்கொண்டிருந்த மாதப்பனைப் பிடித்துக்கொண்டார்.

மாதப்பன் குத்தகைக்கு ராகி போடுகிறவர். ராகி முற்றும் பருவத்தில் அந்தப் பக்கம் காட்டிலிருந்து யானை இறங்கும். டின் அடித்து ஊரைக் கூட்டி, பட்டாசு போட்டு விரட்டுவார்கள். ஹனான் அந்த அடியைப் பற்றி மாதப்பனிடம் விசாரித்தார். மாதப்பன் சொன்ன பதிலை, மொழிபெயர்க்கப் போன ஹரீஷ்குமார் என்னிடம் சொன்னபடி அப்படியே தருகிறேன்.

"சும்மா அடிச்சுக்கினே இருக்கக் கூடாதுங்க. நாலு அடி அடிச்சுட்டு நிறுத்தணும். ஆனை எந்தப் பக்கம் நவுருதுன்னு காது குடுத்துக் கேக்கணும். அப்பறந்தான் அடுத்த அடி."

ஹனானுக்கு அந்த நிறுத்தம் பிடித்துப்போயிற்று. இப்படி ஒரு தாளத்தைத் தான் எந்த ஊரிலும் கேட்டதில்லை என்றாராம்.

(ஹரீஷ்குமார் என் நண்பன். கல்யாணங்களுக்கு மைக்செட் போடுகிறவன். அந்த விழாவுக்கும் அவன்தான். பதிவு செய்தவனும் அவனே.)

3

முதல் நாள் மாலை நடந்தது வேடிக்கை. அதை எழுதும்போது நான் சிரித்தேன். இப்போது சிரிக்காமல் எழுதிப் பார்க்கிறேன், வரவில்லை, நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

மாதப்பன் மேடையில் டின்னைத் தட்டியதும் சுற்றுப்பட்டுக் கொல்லைகளில் இருந்தவர்களெல்லாம் தீப்பந்தம், பட்டாசு, டார்ச் லைட்டோடு "ஆனை! ஆனை!" என்று ஓடி வந்துவிட்டார்கள். வந்து பார்த்தால் கோட்டு போட்டவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், மாதப்பன் புதுச்சட்டையில் இருக்கிறார். அவர் மனைவி ரங்கம்மாதான் முதலில் சிரித்தவள். "அடப் பாவி மனுசா, ஊரையே ஓட வெச்சுட்டியே" என்று தலையில் அடித்துக்கொண்டாளாம். எல்லாருக்கும் டீ கொடுத்து உட்காரவைத்தார்கள். ஹனான் அவர்களுக்காக இன்னொரு முறை வாசித்தார்.

நாராயணப்பன் மைக்கை வாங்கிச் சொன்னார்: "நாளைக்கும் நாளானைக்கும் டின் சத்தம் கேக்கும். அது நம்ம விழா. யாரும் பயந்து ஓடியாராதீங்க." கன்னடத்திலும் சொன்னார். நல்ல மனிதர், பொறுப்பாகத்தான் சொன்னார்.

4

இரண்டாம் நாள் பதிவைத்தான் ஹரீஷ் எனக்கு அனுப்பினான். கச்சேரி முடிந்த கையோடு, பெட்டிகளைக் கட்டுவதற்கு முன்பே அனுப்பிவிட்டான். "கேட்டுப் பாருடா, மிரண்டுடுவே" என்று ஒரு வரி.

மிரண்டேன். அன்றைக்கே ஒரு பத்தி எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியவற்றில் அதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். படியுங்கள்:

"ஊத்தும் தகரமும் பேசிக்கொள்கின்றன. திடீரென மாதப்பன் தன் கைகளை நிறுத்திக்கொள்கிறார். மேடையைத் தொலைவுக்கு விட்டுக்கொடுக்கிறார். எங்கோ இருட்டிலிருந்து இரண்டாவது தகரம் ஒன்று எழுகிறது. அதில் நிறுத்தமே இல்லை. ஓர் ஆவேசம். ஹனானின் விரல்கள் அந்தத் தகரத்தைப் பின்தொடர்கின்றன, வேகம் கூட்டுகின்றன. மேடையில் இருப்பவன் மௌனமாகி, முகம் தெரியாத ஒருவருக்கு இடம் தரும் பணிவு—"

இதற்கு மேல் என்னால் படியெடுக்க முடியவில்லை. பணிவு என்று எழுதிய கையை என்ன செய்வது?

பதிவின் கடைசியில் கைதட்டல் இருக்கிறது. பலத்த கைதட்டல்.

5

அந்தப் பத்தியை முடிக்க எனக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஹரீஷுக்கு போன் போட்டேன்.

"அந்த ரெண்டாவது டின்னு யாருடா? பேர் சொல்லு, கதையில போடணும்."

லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

"உனக்குத் தெரியாதா?" என்றான். "மாதப்பன் சம்சாரம்டா. ரங்கம்மா. ஆனை அடிச்சிருச்சு."

"ஐயோ. எப்ப?"

"அதுலதான்டா."

"எதுல?"

"நீ கேட்டியே, அதுலயேதான்டா."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் போனை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். அந்தச் சாதனத்தையே தொடப் பயமாக இருந்தது. உள்ளே போய் முகம் கழுவினேன். காதையும் கழுவினேன், சோப்புப் போட்டு. இப்படியெல்லாம் ஒருவன் செய்வானா என்று நீங்கள் என் பாத்திரத்தைச் சந்தேகிக்கலாம். நானும் சந்தேகித்தேன், ஆனால் செய்தேன்.

மூன்றாம் நாள் விழாவை ரத்து செய்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் ஹனான் ஹரீஷிடம் வந்து, அந்தப் பதிவைத் தன் கண் முன்னால் அழிக்கச் சொன்னாராம். அவன் அழித்தான். அவர் ஊத்தை உறையில்கூடப் போடாமல் மேடையிலேயே விட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டார். யாரோ எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

எனக்கு அனுப்பியது ஹரீஷுக்கு அப்புறம்தான் நினைவு வந்திருக்கிறது. "நீயும் அழிச்சிருடா" என்றான். சரி என்றேன். அழிக்கவில்லை.

6

[இங்கே மாதப்பனை நான் கற்பனை செய்து எழுதிய ஒரு பக்கம் இருந்தது. அதில் அவர் வானத்தைப் பார்த்து அழுதார். எடுத்துவிட்டேன். அவர் அழவில்லை.]

துக்கம் கேட்கப் போன ஹரீஷ், பதிவு என்னிடம் இருப்பதை வாய் தவறி உளறிவிட்டு வந்தான். மாதப்பன் எனக்குச் சொல்லியனுப்பினார். ஓசூரிலிருந்து தளி பஸ் ஏறிப் போனேன். ராகி பாதி அறுத்தபடி கிடந்தது. அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். மகள் ரூபா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். ஓசூரில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறாள், அன்று லீவு போட்டிருந்தாள்.

"மேடையில நான் அடிச்சுட்டு நிறுத்தனேன் தம்பி," என்றார் மாதப்பன். "நிறுத்தறப்ப கேட்டுச்சு, தூரத்துல. மொதல்ல யாரோ வெளையாடறாங்கன்னு நெனைச்சேன். எங்கூடச் சேந்து அடிக்கறாப்பல. அப்பறம் பாத்தா, நிறுத்தவே இல்ல."

"அதனால?"

"நிறுத்தறது எதுக்கு? ஆனை எங்க இருக்குதுன்னு கேக்கறதுக்கு. நிறுத்தாம அடிச்சா, கேக்க வேண்டியதில்லைன்னு அர்த்தம். கண்ணு முன்னால நிக்குது."

நான் ஆவேசம் என்று எழுதியிருந்தேன்.

"குதிச்சு ஓடுனேன். செருப்புகூடப் போடல. கச்சேரி கேட்டவங்க அதையும் விழாவுல ஒண்ணுன்னு நெனைச்சுட்டாங்க. பக்கத்துக் கொல்லைக்காரங்க எல்லாத்துக்கும் கேட்டிருக்குது. 'விழா ஜோரா நடக்குது'ன்னு பேசிக்கினு இருந்திருக்காங்க. அவங்களச் சொல்லி என்ன? ஓடியாராதீங்கன்னு மைக்குலயே சொன்னாங்களே."

7

புலி வருது கதைதானே என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்றாம் வகுப்புக் கதை என் மேஜைமேல் வந்து உட்கார்ந்துகொண்டதே என்று ஆத்திரம் வந்தது. ஆனால் அந்தக் கதையில் ஆடு மேய்ப்பவன் பொய் சொன்னான். அதனால் நமக்கு ஒரு நீதி கிடைத்தது. இங்கே யார் பொய் சொன்னார்கள்? ஹனான் ஆசையாகக் கேட்டார், மாதப்பன் பெருமையாக அடித்தார், நாராயணப்பன் அக்கறையாக அறிவித்தார், ஊர் சொன்ன பேச்சைக் கேட்டது. கணவன் மேடை ஏறியிருக்கிறானே என்று ரங்கம்மா காவலுக்குப் போனாள். ஒருவரும் தப்புச் செய்யாமல் ஒருத்தி செத்துப்போனாள். இதற்கு என்ன நீதி எழுதுவது? திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் இந்தக் கதையை நான் எப்போதோ முடித்திருப்பேன்.

மாதப்பன் காபியைத் தொடவில்லை. "தம்பி, எனக்கு ஒண்ணுதான் தெரியணும்," என்றார். "ஓடறப்ப எனக்கு எம் மூச்சுதான் கேட்டுச்சு. அவ டின்னு எப்ப நின்னுச்சுன்னு தெரியல. நான் எறங்கன ஒடனே நின்னுச்சா, இல்ல ரொம்ப நேரம் அடிச்சாளா? அது அந்தப் பதிவுல இருக்கும். இருக்குதில்ல?"

"இருக்குதுங்க அண்ணா."

"ஒடனே நின்னுருந்தா, கேட்டதும் எந்திரிச்சு ஓடிருந்தாலும் அவளக் காப்பாத்திருக்க முடியாது. ரொம்ப நேரம் அடிச்சிருந்தாள்னா... வெளையாடறாங்கன்னு நெனைச்சு கொஞ்சம் உக்காந்திருந்தேன் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லித் தப்பித்து எழுந்தேன். ரூபா பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்தாள்.

"குடுக்காதீங்க சார். குடுத்தா அதையே போட்டுப் போட்டுக் கேட்டுக்கினு இருப்பாரு. எனக்கு அவரும் இல்லாமப் போயிருவாரு."

பஸ் வந்தது. ஏறப்போகும்போது சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "நீங்க கேட்டீங்கல்ல? சொல்லுங்க, அப்பா போய்ச் சேந்திருக்கலாமா?"

நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

8

முடிவுகள்.

அழித்துவிடுகிறேன். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்கிறேன். மாதப்பன் தலையாட்டுகிறார். பிறகு சாகும்வரை அந்தக் கேள்வியைத் தானே கேட்டு, தானே தண்டனையும் கொடுத்துக்கொள்கிறார். ரூபா அதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறாள்.

அல்லது, போட்டுக் காட்டுகிறேன். அவர் கேட்கிறார். அவர் முகம்— [எழுத முடியவில்லை.]

அல்லது இது. ஹரீஷிடம் கணினி இருக்கிறது. மாதப்பனின் தகரம் நின்ற உடனேயே ரங்கம்மாவின் தகரமும் நிற்கும்படி வெட்டிவிடலாம். கைதட்டலையும் எடுத்துவிடலாம். நீ மேடையிலிருந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று மாதப்பா, உன்மேல் குற்றமில்லை. அப்பாவும் பெண்ணும் ராகி அறுத்து முடிப்பார்கள். கதை எழுதுகிறவன் இத்தனை காலம் கற்ற வித்தை இதற்குக்கூட உதவாவிட்டால் எதற்கு? இந்த முடிவை முழுதாக எழுதினேன். எழுதி முடித்ததும் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. வெட்டி எறியப்போவது எதை? ஒருவரும் வராதபோதும் அவள் விடாமல் அடித்த அடிகளை. அவள் போராடியதற்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அது. அதை நான் வெட்டினால், அவளை இன்னும் கொஞ்சம் முன்னதாகக் கொன்றவன் ஆவேன்.

பாருங்கள், சொல்லிவிட்டேன். வெட்டுவதற்கு ஏதோ இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லமாட்டேன் என்று வீறாப்பாக எழுதி ஒரு பக்கம்கூட ஆகவில்லை. இப்போது நீங்களும் என்னோடு மாட்டிக்கொண்டீர்கள்.

9

ஞாயிற்றுக்கிழமை.

கதை முடியவில்லை, அவர் வந்துவிட்டார். ரூபாவும் கூட வந்திருக்கிறாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார்கள். கைப்பேசி மேஜைமேல் இருக்கிறது. பதிவு திறந்திருக்கிறது. ரூபா என்னைப் பார்க்கிறாள், நான் ஜன்னலைப் பார்க்கிறேன்.

"அண்ணா, நல்லா யோசிச்சீங்களா? கேட்டுட்டா அப்பறம் கேக்காம இருக்க முடியாது," என்றேன்.

"அவ எத்தன நேரம் அடிச்சிருந்தாலும் செரி, முழுசாப் போடுங்க தம்பி," என்றார். "அன்னிக்கு அத்தன பேரு இருந்தும் அவ அடிச்சத அவளுக்காக ஒருத்தரும் கேக்கல. நானாச்சும் கேக்கணுமில்ல?"

ரூபா கைகளால் காதைப் பொத்தப் போனாள். பிறகு பொத்தாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். என்னால் அழுத்த முடியவில்லை. கைப்பேசியை உங்கள் பக்கமாகத் தள்ளி வைத்திருக்கிறேன்.