ஆரஞ்சு நிற ஓடை

எரிமலை கக்கிய சாம்பல் மழையில் கரைந்து, பாறைகளை உருட்டிக்கொண்டு எந்தப் பள்ளத்தில் இறங்கும், எந்தக் கரையைத் தாண்டும் என்று வரைபடத்தில் குறிப்பது பலுபியின் வேலை. சேறு நிச்சயம் பாயும் இடத்துக்குச் சிவப்பு, பாய்ந்தாலும் பாயலாம் என்கிற இடத்துக்கு ஆரஞ்சு. கெம்புல் ஓடை வளைவில் புதிதாக எழும்பிய சொகுசு விடுதி முழுசாகச் சிவப்புக்குள் விழுந்தது.

மாவட்டக் கூட்டத்தில் மேலதிகாரி ஹெந்த்ரார்த்தோ டெம்பே என்னும் சோயா வறுவலைக் கடித்துக்கொண்டே வரைபடத்தில் விரலை ஊன்றினார். காகிதத்தில் எண்ணெய் ஊறியது.

"இத ஆரஞ்சாக்கிடும்மா. சிவப்புன்னா வர்றவன் பயந்துடுவான்."

"சேத்துக்குக் கலர் தெரியாதே சார்."

விடுதி முதலாளி ஜத்மிகோ சிரித்தார். "கல்லோடயே பழகி மேடத்துக்கு மனசும் கல்லாயிடுச்சு. எங்க நீச்சல் குளத்துல ஒருநாள் கால வையுங்க, எல்லாம் ஆரஞ்சாத் தெரியும்."

அறையே சிரித்தது. பலுபி வரைபடத்தைச் சுருட்டினாள். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தாள். அடுத்த வாரமே வேறொருவர் கையெழுத்தோடு ஆரஞ்சு வரைபடம் வெளியானது.

அன்றே பலுபி விடுதியின் சமையலறைக்குப் போனாள். சமையல்காரி சுமிராவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"மேல மழை கொட்டி ஓடை உறும ஆரம்பிச்சா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு ஓடிடுங்க."

"முன்கேட்ட எப்பவும் பூட்டியே வச்சிருக்காங்கக்கா. வாட்ச்மேன் தொறக்க மாட்டான்."

"பின்வேலிய அறுத்து வையுங்க."

"அடப்பாவமே, வேலை போயிடும்." அப்படிச் சொன்னாலும் அறுத்து வைத்தாள்.

ஜனவரி மாதத்து அடைமழையில் ஒரு பிற்பகல் ஓடை உறுமியது. அந்த இடைவெளி வழியாகத்தான் பணியாட்களும், துண்டு கட்டியபடியே விருந்தாளிகளும் மேடேறினார்கள். விடுதி ஜன்னல் வரை சேற்றில் புதைந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

சில நாளில் ஜத்மிகோ ஒரு கூடை சலாக் பழத்தோடு அலுவலகம் வந்தார். ஹெந்த்ரார்த்தோ பக்கத்திலேயே நின்றார்.

"யாராலயும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாதுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும் மேடம். இன்சூரன்ஸ்காரன் கேக்கறான்."

ஹெந்த்ரார்த்தோ, "எழுதிக் குடும்மா, பாவம்," என்றார்.

இரண்டு முகங்களையும் பார்த்தாள் பலுபி. ஒன்றில்கூட வெட்கத்தின் சாயல் இல்லை.

"உங்க சமையக்காரி சுமிராவப் போய்க் கேளுங்க சார். அவளுக்கே முன்கூட்டித் தெரியும்."

"அவள நிறுத்தியாச்சு," என்றார் ஜத்மிகோ. "வேலிய நாசம் பண்ணிட்டா."

பலுபி கூடையை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு, குழாயடியில் நெடுநேரம் கை கழுவினாள்.