காலியாக விட்ட குறிச்சொல்

தகடு வெட்டும் நாற்பது டன் பிரஸ்ஸிடம் பொய் சொல்லி நம்பவைத்த ஆள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒருவன்தான். அதையும் அவன் திருமுல்லைவாயில் வீட்டில் தயிர்சாதம் தின்றபடியே செய்தான். புரோகிராம் எழுதும் நாகேந்திரன் தன்னைப் பற்றி இப்படிச் சொன்னதும், சூப்பர்வைசர் பாஸ்கரனுக்கு டீ புரையேறியது.

"கதவு தொறந்துகீதுன்னா பிரஸ் எறங்காது சார். பொன்னம்மா கதவு மூடிக்கீற மாதிரி சுவிட்ச்சுல கம்பி கட்டிக்கினா. பீஸ் கணக்கு ஏறணும்னு எல்லாம் கட்றதுதானே?" என்றார் அவர்.

"கம்பி எங்கண்ணே?"

"இன்னா சார், கை போச்சேன்னு ஓடசொல்ல யாரு கம்பியத் தேடுனாங்க?"

பிரஸ் ஓட்டும் பொன்னம்மாளுக்கு அதில் மூன்று விரல்கள் போய் ஒன்பது நாளாகியிருந்தது. கம்பி கட்டினாள் என்று பாஸ்கரன் எழுதிய காகிதம் சாயங்காலம் மேனேஜரிடம் போனால் அவள் வேலையும் போய்விடும்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் அது. பிரஸ்ஸுக்குப் புது சிப் வைத்த போர்டு வந்திருந்தது. கதவிலிருந்து வரும் தகவலை இடைவெளி விடாமல் அடுக்கச் சொல்லும் குறிச்சொல் ஒன்று நாகேந்திரனின் சி புரோகிராமில் இருந்தது. புரோகிராமை அந்தச் சிப்பின் மொழிக்கு மாற்றும் புது கம்பைலருக்கு அந்தச் சொல் புரியவில்லை. நூற்றெட்டு பிழை காட்டிக் கத்தியது. 'இந்தக் கம்பைலர் என்றால் குறிச்சொல் காலி' என்று ஒரே வரி சேர்த்து அதன் வாயை அடைத்தான். இருந்த ஒரே போர்டு மெஷினில் இருந்ததால், வழக்கம்போல ஆபீஸ் பிசியில் ஓட்டிப் பார்த்தான். அங்கே இருந்த பழைய கம்பைலருக்கு அந்தச் சொல் புரியும்; தேர் மாதிரி ஓடியது.

புது சிப்பிலோ கம்பைலர் தன் வசதிக்கு நடுவில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டது. கதவின் நிலை இருந்த கட்டத்தைத் தாண்டி, பிரஸ் அடுத்த கட்டத்தைப் படித்தது. அங்கே இருந்தது தகவலின் முடிவுக் குறி. அது ஒருநாளும் பூஜ்யமாகாது. பூஜ்யம் இல்லையென்றால் கதவு மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

"காயிதத்துல இதெல்லாம் நம்பமாட்டாங்க சார். உங்க வேலதான் பூடும்," என்றார் எல்லாம் கேட்ட பாஸ்கரன்.

நாகேந்திரன் கேன்டீனிலிருந்து ஒரு முள்ளங்கி வாங்கிவந்து அச்சின் மேல் வைத்தான். கதவை பாஸ்கரனே அகலத் திறந்தார். சுவிட்ச்சைத் தடவினார், கம்பி இல்லை. மிதிகட்டையில் கால் வைத்தவர், சிரித்துக்கொண்டேதான் மிதித்தார்.

ஆவடி வரைக்கும் கூரைத் தகரம் அதிர்ந்தது. முள்ளங்கி இருந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது.

பாஸ்கரன் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்தார்.

"தொறந்துதான் சார் இருந்துச்சு," என்றார். "எறங்கிச்சு. அந்தப் பொம்பள கம்பி கட்டல."