கந்தகத்தை விட்டுப் போன ஆக்ஸிஜன்

தொண்ணூற்றெட்டில் ஜ்யோத்ஸ்னா டெல்லியில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கையாண்டது கந்தகம் சேர்ந்த தயால்கள். சமையல் காஸ் கசிந்தால் தெரியட்டும் என்று கலக்கிறார்களே, அந்த நாற்றத்துக்கு நெருங்கிய சொந்தம். எத்தனை சோப்புப் போட்டாலும் துணியை விட்டு லேசில் போகாது. ஆரம்பத்தில் அவள் படியேறினாலே சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு சிலிண்டரை மூடினார்கள். அப்புறம் பழகிவிட்டது.

அன்று ஜனவரிக் குளிருக்கு எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. கீழ்வீட்டுக் காமாக்ஷி மாமி கையில் அடுப்பு லைட்டரோடு கதவைத் திறந்தாள்.

"இப்பதான் வரியா? உன் வாசனை அப்பவே வந்துடுத்தே! மேலே போயிட்டேன்னு நினைச்சேன்."

ஜ்யோத்ஸ்னா சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. அவள் தயாலைத் தொட்டே வாரக்கணக்காகிறது. இப்போது பார்ப்பது சல்ஃபாக்ஸைடு; கந்தகத்தின் மேல் ஓர் ஆக்ஸிஜன் ஏறி உட்கார்ந்த பொருள். அதற்கு அந்த நாற்றம் கிடையாது.

"மாமி, லைட்டரைக் கீழே வைங்கோ! ஸ்விட்சையும் தொடாதீங்கோ!"

உள்ளே ஓடிப்போய் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தாள். சிலிண்டரின் ரப்பர் குழாயில் விரிசல் விட்டிருந்தது. காற்று மாறும்வரை இருவரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தார்கள்.

"ஏதாவது பேசுடி. இப்ப என்னதான் பண்றே அங்கே?"

"அந்த ஆக்ஸிஜன் ஒரு அமிலத்துண்டோட சேர்ந்து கந்தகத்தை விட்டுக் கிளம்பிடும், மாமி. உடனே பக்கத்துக் கார்பன்ல அதே மாதிரி ஒரு துண்டு வந்து ஒட்டிக்கும். போனதேதான் திரும்பி வரதா, வெளியிலேர்ந்து வேற வரதான்னு பாக்கறேன்."

"எல்லாம் ஒண்ணுபோல இருந்தா எப்படித் தெரியும்?"

"கொஞ்சம் கனமான ஆக்ஸிஜனை வெச்சு ஆரம்பிச்சிருக்கேன். கடைசியில அது அங்கே இருக்கான்னு பாக்கணும். போனதுதான் திரும்பும்னு எனக்குத் தோணறது."



அடுத்த வாரம் முடிவு வந்தது. கனமான ஆக்ஸிஜன் அநேகமாகக் காணவே இல்லை. வந்து ஒட்டியது வெளியாள்தான். ஜ்யோத்ஸ்னா நேரே மாமி வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

"அப்போ நீ நினைச்சது தப்பா?"

"சுத்தமா தப்பு, மாமி."

"அதுக்கா இத்தனை சந்தோஷம்?"

"எதுன்னு தெரிஞ்சுடுத்தே, மாமி!" என்றாள் ஜ்யோத்ஸ்னா. "அச்சா, சரி, உள்ளே வா," என்றாள் மாமி.