அளவெடுத்த பலகை

"மெதுவா... தலைப்பக்கம் நல்லாப் புடிங்க," என்று கடைக்காரரின் மச்சான் சொல்லச் சொல்ல, உடம்பைக் கடைக்குள் கொண்டுவந்தார்கள். மாடி வீட்டுப் படிக்கட்டு ஓர் ஆள் ஏறும் அகலம்தான். சோப்புப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளி, பெஞ்சைப் போட்டு அங்கேயே கிடத்தினார்கள்.

கடைக்காரருக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. நிமிர்ந்தார். எதிரே கண்ணாடி அலமாரி. சிகரெட் கம்பெனி இனாமாக மாட்டிக்கொடுத்தது. வரிசை வரிசையாகப் பெட்டிகள் பளபளத்தன.

புகையிலைச் சரக்கைக் கண்ணில் படும்படி வைக்கக் கூடாதென்று போன மாதம் நோட்டீஸ் வந்தது. அவள்தான் மூச்சு வாங்க வாங்கப் படித்துக் காட்டினாள்.

"இதையாவது கேளுங்க. அலமாரிய மூடிடலாம்."

"மூடினா வியாபாரம் படுத்துடும். கம்பெனிக்காரன் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கான்," என்று அவள் வாயை அடைத்தார்.

பதினெட்டு வருடம் அந்த அலமாரிக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள். வாங்கிய இடத்திலேயே பற்றவைத்து ஊதுகிறவர்களின் முகத்துக்கு நேரே இருந்தவள். ஒரு பீடியைக்கூட உதட்டில் வைத்ததில்லை. "வீட்ல யாரு புகைப்பாங்க?" என்று நுரையீரல் படத்தைப் பார்த்தபடி டாக்டர் கேட்டபோது, "வீட்ல யாருமில்லைங்க" என்றார் இவர். பொய்யில்லை. ஆனாலும் கடையைப் பற்றிச் சொல்லாமல் விட்டார். இன்று யாராவது வாய்விட்டுக் கேட்டுவிடுவார்களோ?

யாரும் கேட்கவில்லை. குனிந்து முகம் பார்த்தவர்கள் நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தார்கள், பிறகு அவரை.

உச்சி வெயிலில் எதிர்க்கடை மெக்கானிக் வந்து கண்கலங்கி நின்றான். பிறகு காதோரம் குனிந்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கையெல்லாம் நடுங்குது. ஒண்ணே ஒண்ணு."

கடைக்காரர் எழுந்தார். பழகிய கை. மனைவியின் மார்புக்கு மேலாகச் சாய்ந்து, அவன் வழக்கமாக வாங்கும் பெட்டியை உருவிவிட்டார். அப்போதுதான் மகள் பார்ப்பது தெரிந்தது.

காலையிலிருந்து நின்ற கால். அம்மாவின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்க உக்காராதம்மா."

"வேற எங்கப்பா உக்கார்றது? நாளையிலேர்ந்து நான்தானே?"

பெட்டி அவர் கையிலிருந்து நழுவியது. மெக்கானிக் அதை எடுக்காமலே நகர்ந்துபோனான்.

"மச்சான்! உங்க பட்டறையில பலகை ஏதாவது கெடக்கா? இதை மூடணும்."

தச்சரான மச்சான் அவரையே பார்த்தார். "இப்பவா? எடுக்கற நேரம், மாப்ளே."

"இப்பவே."

கால் மணி நேரத்தில் மச்சான் பலகையோடு வந்தார். தூக்கி வைத்ததும் அலமாரி முகப்பில் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. இழைத்து, மூலைகளில் துளைகூடப் போட்டிருந்தது.

"அளவே எடுக்கலையே, மச்சான்?"

"தங்கச்சி எடுத்துக் குடுத்தா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தியே அறுத்து வெச்சுட்டேன்." மச்சான் திருப்புளியைத் தேடினார். "நீங்க சரின்னு சொன்னதும் ஆளனுப்பறேன்னா."

திருகாணிகள் ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு அவளை எடுத்துப் போனார்கள்.

எல்லாம் முடிந்து அவர் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. கடையில் காத்திருந்த மகள் முன்னால் மாடி ஏறினாள். பாதிப் படியில் சட்டென்று நின்று, அம்மாவைப் போலவே சுவரில் கை ஊன்றிக்கொண்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

அவர் கைப்பிடியைப் பற்றியபடி கீழேயே நின்றார், அவள் அடுத்த படியில் கால் வைக்கும் சத்தம் கேட்கும் வரை.